பரிசோதகரின் கட்டைவிரல்

ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு மனிதரைக் கைப்பேசி வகுப்புக்குக் கிளப்பிக் கூட்டிக்கொண்டு போவது லேசுப்பட்ட காரியமில்லை. அந்தக் கஷ்டம் ஊசியம்மாவுக்குத்தான் தெரியும். ஊசியம்மா அவருடைய மனைவி. சுகாதார நிலையத்தில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டுப் போட்டே தலை நரைத்தவள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஓய்வூதிய அலுவலகத்தைத் தவிர வேறு யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அந்த வட்டாரத்தில் இன்று தொப்பையும் வழுக்கையுமாக நடமாடுகிற ஆண்பிள்ளைகள் பலர், அவள் எதிரே வந்தால் தங்களை அறியாமல் இடது தோளைத் தடவிக்கொள்வார்கள்.

அவளுடைய தொழில் ரகசியம் மிகவும் எளியது. குழந்தையிடம் அனுமதி கேட்டுக்கொண்டு குத்தக் கூடாது. அதோ பார், விசிறி எப்படிச் சுற்றுகிறது என்று சொல்ல வேண்டும். குழந்தை அண்ணாந்து பார்க்கிற நேரத்துக்குள் காரியத்தை முடித்துவிட வேண்டும். அழுகை அப்புறம் வரும், வரட்டும். புருஷனோடு இத்தனை காலம் அவள் குடித்தனம் நடத்தியதும் இந்த முறையில்தான். வீட்டுக்கு வெள்ளையடித்தது, அவருக்குப் பல்செட் கட்டியது, துருப்பிடித்த சைக்கிளை விற்றது எல்லாமே பரிசோதகர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தபோது நடந்தவை.

வகுப்பும் அப்படித்தான். நூலகத்தில் குளுகுளுவென்று இருக்கிறது, செய்தித்தாள் படித்துவிட்டு வரலாம் என்று கூட்டிக்கொண்டு போனாள். அவர் முதல் பக்கத்தைப் புரட்டுவதற்குள் நாற்காலிகளை இழுத்துப் போட்டார்கள், கதவைச் சாத்தினார்கள், நூலகர் வந்து நின்று கைப்பேசியைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம் என்று ஆரம்பித்துவிட்டாள். எழுந்துபோக வாயைத் திறந்த பரிசோதகரை அவள் சார் என்று அழைத்து முதல் வரிசைக்கு வரச் சொன்னாள். ஓய்வுபெற்ற நாளிலிருந்து அவரை யாரும் சார் என்று கூப்பிட்டு முன்னால் உட்காரச் சொன்னதில்லை. மனிதர் உச்சி குளிர்ந்துபோய் உட்கார்ந்துவிட்டார்.

அந்த நூலகர் நடுத்தர வயதுக்காரி. ஒரே கேள்வியை ஒரே ஆள் பத்துத் தடவை கேட்டாலும் பத்தாவது தடவையும் முதல் தடவை கேட்டதுபோலவே பதில் சொல்லுவாள். இவ்வளவு பொறுமை வீட்டிலும் உண்டா, இல்லை எல்லாவற்றையும் இங்கேயே செலவழித்துவிட்டுப் போகிறாளா என்று ஊசியம்மா யோசித்ததுண்டு.

படிக்க வந்த பெரியவர்களில் பெரும்பாலோருக்கு விரல்தான் தகராறு. சிலருக்கு நடுக்கம், சிலருக்குத் தயக்கம். ரொட்டிக் கடைக்காரர் ஒருவர் மாவு பிசைவதுபோல் ஐந்து விரலையும் சேர்த்து வைப்பார். ஊசியம்மாவுக்கு அந்தச் சிக்கலே இல்லை. படக்கென்று தொட்டு, படக்கென்று எடுத்துவிடுவாள். தட்டுவதென்றால் இப்படித் தட்ட வேண்டும் என்று நூலகர் அவளை எழுப்பி நிறுத்தி மற்றவர்களுக்குக் காட்டினாள்.

பரிசோதகர் கதை வேறு. வாழ்நாளெல்லாம் டிக்கெட்டில் ஓட்டை போட்ட கட்டைவிரல் அது. வைத்தால் அழுத்தும், அழுத்தினால் மறுபக்கம் தெரிகிற வரைக்கும் விடாது. அவர் கை பட்டதும் திரையில் இருந்த படங்களெல்லாம் கிடுகிடுவென்று நடுங்கும். அழித்துவிடவா என்று கைப்பேசி கேட்கும். ஆமாம் என்பதன் மேலும் அதே விரல் போய் விழும். வகுப்பு சூடு பிடிப்பதற்குள் கடிகாரம், கணக்குப் போடும் கருவி, வானிலை எல்லாம் அவர் கைப்பேசியை விட்டுப் பரலோகம் போய்ச் சேர்ந்தன. சாமானை ரொம்ப மெல்லிசாகச் செய்திருக்கிறார்கள் என்று அவர் கைப்பேசி செய்தவனைத்தான் திட்டினார்.

இத்தனை பாடும் எதற்கு என்றால், மகனுக்காக. ஒரே மகன். கடல் தாண்டி எங்கோ ஒரு பெரிய குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்க்கிறான். அப்பாவும் மகனும் பேசிக்கொண்டு வருஷக் கணக்காகிறது.

காரணத்தைக் கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும். ஊசியம்மாவுக்கு மட்டும் வராது. மகன் முதன்முதலாக வேலைக்குப் போக ஆரம்பித்த புதிது. புது நண்பர்களோடு ரயிலில் போகிறான். மாதப் பாஸை வீட்டில் மறந்துவிட்டான். அன்றைக்கென்று பார்த்து அந்தப் பெட்டியில் டிக்கெட் கேட்டு வந்தவர் அப்பா. பாஸ் சாப்பாட்டு மேஜைமேல் இருக்கிறது, காலையில் நீங்களே பார்த்தீர்களே என்று அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். "நான் எதையும் பாக்கலை. நீங்க யாரு?" என்றார் அவர். அதோடு விட்டாரா? அபராத ரசீதை எடுத்து வைத்துக்கொண்டு பெயர் என்ன என்று கேட்டார். சொன்னான். தகப்பனார் பெயர் என்ன என்று கேட்டார். பெட்டியே குலுங்கிச் சிரித்தது. காது சிவக்க அவன் அதையும் சொன்னான். அவரும் தன் பெயரை நிறுத்தி நிதானமாக எழுதிக் கையில் கொடுத்தார்.

அன்று வீட்டில் நடந்த சண்டையில் மகன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அபராதம் போனால் போகட்டும், பாஸைப் பார்த்தேன் என்று மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள் என்றான். பார்க்கவே இல்லை என்று பரிசோதகர் ஒரே பிடியாக நின்றார். ஊசியம்மா அன்று காலையில் இருட்டோடு தடுப்பூசி முகாமுக்குக் கிளம்பிப் போனவள். மேஜைமேல் என்ன இருந்தது, என்ன இல்லை என்று அவளுக்குத் தெரியாது. இரண்டு பேருக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டாள். கொஞ்ச நாளில் மகன் வெளிநாட்டு வேலையைத் தேடிக்கொண்டு போய்விட்டான். அவர் முதலில் கூப்பிடட்டும் என்று அங்கே அவன். அவன் முதலில் கூப்பிடட்டும் என்று இங்கே இவர். ஒருவரை ஒருவர் உரித்து வைத்தாற்போல் பிறந்தால் இதுதான் கதி.

ஊசியம்மா மட்டும் மகனோடு திருட்டுத்தனமாகப் பேசிக்கொண்டிருந்தாள். துணி துவைக்கும் இயந்திரத்தை ஓட விட்டு, அந்தக் கடகட சத்தத்துக்குள் குரலை ஒளித்துக்கொண்டு பேசுவாள். அழுக்கே இல்லாத துணிகள் அந்த வீட்டில் திரும்பத் திரும்பத் துவைக்கப்பட்டு வெளுத்துப்போயின.

அவள் கெஞ்சாத கெஞ்சல் இல்லை. கடைசியில் மகன் இறங்கி வந்தான். ஆனால் ஒரு நிபந்தனையோடு.

"இந்த ஒரு தடவைதான்மா. ஞாயித்துக்கிழமை மத்தியானம் நானே அவர் நம்பருக்குக் கூப்பிடறேன், முகம் பாத்துப் பேசற மாதிரி. அவர் வெச்சுட்டாருன்னா அதோட விட்டுடணும். அப்புறம் நீ இந்தப் பேச்சையே என்கிட்ட எடுக்கக் கூடாது."

சரி என்று ஒத்துக்கொண்டாள். வேறு வழி? பரிசோதகரிடம் எதையும் சொல்லவில்லை. முன்கூட்டிச் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவருக்கு அவசரமாக எங்காவது போக வேண்டி வந்துவிடும். அவர் குளிக்கப் போன சமயம் பார்த்து மகனுடைய எண்ணை அவர் கைப்பேசியில் 'மகன்' என்று பதிந்து வைத்தாள். மணி அடிக்கட்டும், பெயரைப் பார்க்கட்டும், யோசிக்க நேரமில்லாமல் எடுத்துவிடுவார் என்பது அவள் கணக்கு.

அந்தக் கணக்கில் மண்ணைப் போட்டவர் ரொட்டிக் கடைக்காரர். வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று எவனோ அவரைக் கூப்பிட்டிருக்கிறான். மனிதர் ஏற்கெனவே பேச்சுத் துணைக்கு ஏங்குகிறவர். கேட்டதையும் சொன்னார், கேட்காததையும் சொன்னார். கார்டு எண், ரகசிய எண், மூட்டுவலி, மருமகளின் குணம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். நல்லவேளையாக உண்மையான வங்கிக்காரர்கள் விழித்துக்கொண்டு கணக்கை முடக்கினார்கள். அவன் ரொம்ப மரியாதையான பையன், மூட்டுவலிக்கு ஒரு தைலம்கூடச் சொன்னான் என்று ரொட்டிக் கடைக்காரர் வகுப்பில் வந்து வருத்தப்பட்டார்.

நூலகர் அன்றைய பாடத்தை ஒதுக்கி வைத்துவிட்டு மோசடிக்காரர்களைப் பற்றி எடுத்தாள். தெரியாத அழைப்பை நம்பாதீர்கள். சந்தேகம் என்றால் உடனே வைத்துவிடுங்கள், மரியாதை பார்க்காதீர்கள். முன்பின் தெரியாதவன் முகம் பார்த்துப் பேசக் கூப்பிட்டால் கேமராவை மறைத்துக்கொள்ளுங்கள். திரையில் எந்தப் பெயர் வந்தாலும் அதை மட்டும் வைத்து நம்பாதீர்கள். இப்போதெல்லாம் சொந்த மகனின் முகத்தையும் குரலையும்கூட அப்படியே செய்துகொண்டு வருகிறார்கள், வெளிநாட்டில் ஆபத்தில் மாட்டிக்கொண்டேன் என்று அழுகிறார்கள். அந்த மாதிரி நேரத்தில் வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ஒரு விஷயத்தைக் கேளுங்கள். பதில் உங்களுக்கு முன்பே தெரிந்ததாக இருக்க வேண்டும், அப்போதுதான் அது சோதனை.

இதைக் கேட்கக் கேட்க, அவர் கைப்பேசியில் தான் பதிந்து வைத்த பெயர் ஊசியம்மாவுக்கு ஞாபகம் வந்தது. பக்கத்தில் பரிசோதகரின் முகமோ கல்யாண மாப்பிள்ளை முகமாக மலர்ந்துகொண்டிருந்தது. இவ்வளவு நாளும் கைப்பேசியில் தனக்கு என்ன வேலை என்று நினைத்திருந்த மனிதருக்கு, இதுவும் ஒரு ரயில் பெட்டிதான், ஏறுகிறவன் எல்லாம் டிக்கெட் இல்லாதவன்தான் என்று அந்தக் கணத்தில் விளங்கிவிட்டது.

எழுந்து நின்று தன் அனுபவத்தைச் சொன்னார். டிக்கெட் இல்லாதவன் எப்போதும் போன ஸ்டேஷனில்தான் ஏறினேன் என்பான். ஸ்டேஷன் பெயரைக் கேட்கக் கூடாது. அதை எவனும் சொல்லிவிடுவான். பிளாட்பாரம் எந்தப் பக்கம் வந்தது என்று கேட்க வேண்டும். உண்மையில் ஏறியவன் யோசிக்காமல் கையைக் காட்டுவான். பொய்யன் மேலே பார்ப்பான். வகுப்பு கை தட்டியது. ரொட்டிக் கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நூலகர் அவரை எல்லாருக்கும் முன்மாதிரி என்றாள். அன்று வீடு திரும்பும்போது மனிதர் தரையில் நடக்கவில்லை.

மறுநாளிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கைப்பேசி முன்னால் உட்கார்ந்தார். முதலில் மாட்டியது கண் மருத்துவமனை. கண்புரை அறுவைக்குத் தேதி சொல்லக் கூப்பிட்ட நர்ஸிடம், உங்கள் மருத்துவமனையில் மாடிப்படிக்குக் கைப்பிடி எந்தப் பக்கம் என்று கேட்டார். அந்தப் பெண் பாவம், எப்போதும் லிஃப்டில் போகிறவள். தெரியாது என்றாள். வைத்துவிட்டார். அடுத்தது அவருடைய சொந்தத் தங்கை. புது எண்ணிலிருந்து கூப்பிட்டுவிட்டாள். சின்ன வயசில் யார் கையைக் கடித்தாய் என்று கேட்டதற்கு, உன் கையைத்தான், இப்போதும் கடிப்பேன் என்று அவளே வைத்துவிட்டாள். பதில் சரிதான் என்று அவர் அப்புறம் ஒப்புக்கொண்டார்.

மூன்றாவதாக நூலகரே மாட்டினாள். வெள்ளிக்கிழமை வகுப்பு ஒரு மணி நேரம் தள்ளிப்போகிறது என்று சொல்லக் கூப்பிட்டவளிடம், நூலகத்தில் கிழிந்த மெத்தை உள்ள நாற்காலி எது என்று கேட்டார். அவள் சொல்லத் தெரியாமல் திணறினாள். விளைவு, பழைய நேரத்துக்கே போய்ப் பூட்டிய கதவுக்கு முன்னால் வெயிலில் நின்றார். நூலகர் வந்ததும் பரிசோதகருக்குக் கோபம் வரும் என்று ஊசியம்மா பார்த்தால், உங்கள் குரலில் எவளோ பேசினாள், பிடித்துவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னார். நூலகர் மென்று விழுங்கி, ரொம்ப நல்லது சார் என்றாள். அவள் பொறுமையில் ஒரு கீறல் விழுந்ததை ஊசியம்மா அன்றுதான் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. மகனிடம் இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று அவள் காலையிலிருந்து தவித்தாள். தள்ளிப்போட்டால் அவன் மறுபடி இறங்கி வருவானா என்பது சந்தேகம். வேண்டாம் என்று சொல்லப் பெற்ற வயிறு துணியவில்லை. சும்மா இருக்கவும் முடியவில்லை. கடைசியில், வருவது வரட்டும் என்று மேஜையைத் துடைத்தாள். துடைத்த மேஜையை மறுபடி துடைத்தாள். வீட்டுக்குக் கீழே இருந்த டயர்க் கடையை அன்று திறக்கவில்லை, தெரு அமைதியாக இருந்தது. பரிசோதகர் சாப்பிட்டு முடித்து, மேஜைமேல் கைப்பேசியை நட்டநடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மணி அடித்தது. திரையில் மகன் என்று வந்தது.

பரிசோதகர் குனிந்து பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். 

"பாத்தியா, மகன்னு பேரையே போட்டுக்கிட்டு வந்திருக்கான். எவ்வளவு துணிச்சல் இருக்கணும்" என்றார். கட்டைவிரல் சிவப்புப் பொத்தான்மேல் இறங்கியது. மணி நின்றது.

 மாதக்கணக்கில் கெஞ்சியது, துணி துவைத்தது, வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனது எல்லாம் ஒரு விரல் அழுத்தத்தில் போயிற்று. உட்கார்ந்து ஒரு பாட்டம் அழலாம் போலிருந்தது. ஆனால் எத்தனையோ ஆயிரம் குழந்தைகள் திமிறிக்கொண்டு ஓடியதைப் பார்த்த கை அது. ஓடுகிற குழந்தையைப் பார்த்து அழுதால் வேலை நடக்குமா?

"என்னங்க, அடுப்புல கேஸ் வாசனை வருதா பாருங்க" என்றாள்.

பரிசோதகர் சமையலறைப் பக்கம் மூக்கைத் திருப்பினார். அவர் ஒரு தரம் மூச்சை இழுப்பதற்குள் அவள் கைப்பேசியை எடுத்து, மகன் பெயரைத் தட்டி, முகம் பார்க்கிற அழைப்பைத் தட்டி, அதை அவர் கையிலேயே திணித்துவிட்டாள். அவர் திரும்பிப் பார்த்தபோது உள்ளே மணி போய்க்கொண்டிருந்தது.

"என்ன பண்ணித் தொலைச்சே? திருப்பிக் கூப்பிடறதைத்தான் அவனுங்க எதிர்பாப்பானுங்க" என்று அவர் பதறினார். அந்தப் பதற்றத்திலும் பாடம் மறக்கவில்லை. கட்டைவிரலை எடுத்துக் கேமராவின்மேல் வைத்து அழுத்திக்கொண்டார்.

எதிர்ப்பக்கம் எடுக்கப்பட்டது. கம்பளிக் குல்லாவும் தடித்த மேலங்கியுமாக ஒருவன் திரையில் தெரிந்தான். தாடி வைத்திருந்தான், தாடியில் ஒன்றிரண்டு நரைகூட விழுந்திருந்தது. அழைப்பை அப்பா துண்டித்துவிட்டார் என்று மனம் வெறுத்துப்போய் உட்கார்ந்திருந்தவனுக்கு, அதே எண்ணிலிருந்து திரும்ப அழைப்பு வந்திருக்கிறது. முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தான்.

"அப்பா? நீங்களா கூப்பிட்டீங்க?"

ஊசியம்மா வாயைத் திறக்கவில்லை. யார் முதலில் கூப்பிடுவது என்ற பிடிவாதம் இப்படித் தன்னால் தீர்ந்துபோகும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. நினைத்திருந்தால் இந்த வேலையை எப்போதோ செய்திருப்பாள்.

"என் பையன் குல்லா போட மாட்டான்" என்று பரிசோதகர் அவளிடம் கிசுகிசுத்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, பழைய உத்தியோகக் குரலில், "கேள்வி கேக்கறது நான். நீங்க யாரு?" என்றார்.

மகன் முகம் அப்படியே இறுகிப்போனது. ரயில் பெட்டியில் கேட்ட அதே கேள்வி, அதே தொனி. இப்போது வைத்துவிடுவான், அவ்வளவுதான் என்று ஊசியம்மாவுக்குத் தோன்றியது. கணவரின் தோளுக்குப் பின்னாலிருந்து அவசரமாகக் குரல் கொடுத்தாள். மோசடிக்காரர்கள் முகத்தையும் குரலையும் செய்துகொண்டு வருவதாக வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள், அப்பா சோதித்துப் பார்க்கிறார், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிடு என்றாள். மகன் குல்லாவை நெற்றிக்கு மேலே தள்ளிவிட்டுக்கொண்டான். பிறகு பெருமூச்சு விட்டான்.

"கேளுங்க" என்றான்.

"முன்னாடி நாம இருந்த வீட்டுல, குளியலறைக் கதவைச் சாத்தணும்னா என்ன பண்ணணும்?"

"கொஞ்சம் தூக்கிட்டு, இடுப்பால ஒரு இடி இடிக்கணும்."

பரிசோதகர் தலையை ஆட்டிக்கொண்டார். ஒரு பதிலில் விட்டுவிடுகிற ஆளா அவர்? உனக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தது யார் என்று அடுத்ததைத் தொடுத்தார். நீங்கள் கற்றுத்தருகிறேன் என்று சொல்லிவிட்டு ட்யூட்டிக்குப் போய்விட்டீர்கள், எதிர்வீட்டு அக்காதான் கற்றுக்கொடுத்தாள் என்று பதில் வந்தது. அதுவும் சரிதான் என்றார், கொஞ்சம் தணிந்த குரலில். பள்ளிக்கூடத்தில் கணக்கில் தோற்றபோது மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட்டது யார் என்றார்.

மகன் தயங்கினான். "நான்தான். உங்க கையெழுத்தை நானே போட்டேன். அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அன்னிக்கே தெரியும். என் கையெழுத்தைவிட நல்லாவே இருந்துச்சு" என்றார் பரிசோதகர்.

இந்த விஷயம் ஊசியம்மாவுக்கு இன்றுதான் தெரியும். வீட்டுக்குள் இவ்வளவு நடந்திருக்கிறது, தனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று அவளுக்கு ஒரு பக்கம் கோபம் வந்தது. கோபப்பட இதுவா நேரம் என்று அடக்கிக்கொண்டாள். பரிசோதகர் அடுத்த கேள்விக்கு வந்துவிட்டார்.

"அங்க ராத்திரி சாப்பாட்டுக்கு என்ன பண்றே?"

கிடங்குக்குப் பக்கத்தில் ஒரு கடை இருக்கிறது, சில நாள் நானே சமைத்துக்கொள்வேன் என்றான் மகன். அந்தக் கிடங்கில் ரொம்பக் குளிருமா என்று கேட்டார். உள்ளே போய்விட்டால் காது மரத்துப்போகும், அதனால்தான் குல்லா என்றான். கையுறை கொடுக்கிறார்களா என்று கேட்டார். கொடுக்கிறார்கள் என்றான். நல்ல கையுறையா என்று கேட்டார்.

ஊசியம்மாவுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. பதில் முன்பே தெரிந்திருக்க வேண்டும், அப்போதுதான் அது சோதனை என்று நூலகர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். மகன் ராத்திரி என்ன சாப்பிடுகிறான் என்று இவருக்கு எங்கே தெரியும்? கையுறையைப் பற்றி என்ன தெரியும்? சோதனை எப்போதோ முடிந்துவிட்டது. அவன் யார் என்று மனிதருக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. கேள்வியை நிறுத்தினால் பேச்சு நின்றுவிடும் என்று பயந்துகொண்டு, டிக்கெட் கேட்கிற குரலிலேயே மகனை விசாரித்துக்கொண்டிருக்கிறார். வந்த சிரிப்பை அவள் முந்தானையால் பொத்திக்கொண்டாள்.

"முதுகுவலி எப்படி இருக்கு?" என்றார் பரிசோதகர். "உங்கம்மா மெஷினைப் போட்டுட்டு உன்கிட்டக் கேட்டுக்கிட்டிருந்தா. மெஷின் நின்ன பிறகும் பேசிக்கிட்டே இருப்பா, அவளுக்குத் தெரியாது."

ஊசியம்மா முகத்தில் அசடு வழிந்தது. திரையில் மகன் முதல்முறையாகச் சிரித்தான். சிரித்த முகம் மெல்ல மாறியது. குல்லாவைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தான்.

"இப்ப நான் ஒண்ணு கேக்கணும்" என்றான். "எனக்கு இங்க வெறும் இருட்டுதான் தெரியுது. குரலைக்கூட செய்யறாங்கன்னு நீங்களே சொல்றீங்க. பேசறது எங்கப்பாதான்னு நான் எப்படி நம்பறது?"

நியாயமான கேள்வி. பரிசோதகருக்கு அது பிடித்தும் இருந்தது. "கேளு" என்றார்.

"அன்னிக்குக் காலைல என் பாஸ் எங்க இருந்துச்சு?"

 குளிர்சாதனப் பெட்டி உறுமி அடங்கியது. பரிசோதகரின் கட்டைவிரல் கேமராவின்மேல் வெளுத்துப்போகும்படி அழுந்தியிருந்ததை ஊசியம்மா பார்த்தாள். இத்தனை வருஷமும் இந்த மனிதர் இந்த ஒரு கேள்விக்கு ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கிறார். பக்கத்து வீட்டாரிடம், சொந்தக்காரர்களிடம், தூக்கத்தில்கூட. அதையே இன்றும் சொன்னால் மகன் வைத்துவிடுவான். அதில் தப்புச் சொல்லவும் முடியாது. அவள் கடவுளைக் கூப்பிடவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. இதற்கு அண்ணாந்து பார்க்கச் சொல்லி முடிக்கிற வித்தையும் கிடையாது. நாற்காலியின் முதுகை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மேஜைமேல" என்றார் பரிசோதகர்.

மகன் காத்திருந்தான்.

"தண்ணி ஜாடிக்கு இந்தப் பக்கம் கிடந்துச்சு. நனைஞ்சுடப் போகுதேன்னு நான்தான் எடுத்து அந்தப் பக்கம் வெச்சேன்." கொஞ்சம் நிறுத்தினார். "அபராதம் போட்டது சரிதான். அதுல மாத்தமில்லை. பாக்கலைன்னு சொன்னேனே, அது பொய். சொன்னதுக்கப்புறம் திருப்பி எடுக்கத் தெரியலை."

பார்த்தது மட்டுமில்லை, தொட்டு எடுத்து வைத்திருக்கிறார். இதை மனசில் வைத்துக்கொண்டுதான் தினமும் இதே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். ஊசியம்மாவுக்கு அவர்மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை; கூடவே, பாவம் இந்த மனுஷன் என்றும் இருந்தது. இரண்டில் எதை முதலில் வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பரிசோதகர் கேமராவிலிருந்து விரலை எடுத்தார்.

மகனுக்கு இப்போதுதான் அப்பாவின் முகம் தெரிந்திருக்க வேண்டும். வழுக்கை ஏறிய நெற்றி, பல்செட் மாட்டிய வாய், ஒரு பக்கம் புரை விழுந்து வெளுத்த கண். அவன் பார்த்தது பார்த்தபடி இருந்தான். இமைக்கவில்லை, வாயைத் திறக்கவில்லை, ஒரு அசைவும் இல்லை.

பரிசோதகர் கைப்பேசியை ஒரு தரம் உதறினார். ஜன்னல் பக்கம் நீட்டிப் பார்த்தார். படம் அப்படியே இருந்தது.

"படம் நின்னுபோச்சு. நெட்டு போயிடுச்சு போல" என்றார், ஏமாற்றத்தோடு. "நான் சொன்னது அவனுக்குக் கேட்டுச்சோ என்னவோ. வெச்சுட்டுத் திரும்பப் போடறேன்."

கட்டைவிரல் சிவப்புப் பொத்தானுக்குப் போனது. ஊசியம்மா பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நெட்டு போகலைங்க" என்றாள். "அவன் அழறான்."

பரிசோதகர் கைப்பேசியை முகத்துக்கு வெகு பக்கத்தில் கொண்டுபோய் உற்றுப் பார்த்தார். நல்ல கண்ணைக் கொண்டுபோய்த் திரையோடு ஒட்டினாற்போல் வைத்துப் பார்த்தார். பிறகு, எந்தப் பொத்தான்மேலும் தவறிக்கூடப் பட்டுவிடாதபடி விரல்களையெல்லாம் விரித்துக்கொண்டு, இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் அதை ஏந்திப் பிடித்துக்கொண்டார்.

"டேய்" என்றார். "வெச்சுடாதடா. நான் இனிமே ஒண்ணும் கேக்கலை. சும்மா இரு, போதும். வெச்சுடாத."